மூக்குத்தியைக் கழற்றுங்க, தாலி இருக்கட்டும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வானொலியில் நான் ஒரு ஜோக் அடித்தேன். உடன் அறிவிப்பாளர் ஈப்போவில் வழி தவறி வண்டி ஓட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்படியே நேராப் போயிருந்தா தஞ்சோங் ரம்புத்தான் வந்திருக்கும். உங்களுக்கு ஒரு கட்டிலும் கிடைச்சிருக்கும்" என்றேன். இருவரும் சிரித்தோம். பாட்டைப் போட்டோம். வாட்ஸ்அப்பில் சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன. அன்றைய நிகழ்ச்சி நன்றாகப் போனதாகத்தான் நினைத்தேன்.

அதே நேரத்தில் புந்தோங்கில் ஒரு சமையலறையில் என் சித்தி வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் அரசாங்க கிளினிக்கில் கொடுத்த ஒரு கடிதம் இருந்தது. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதப்பட்ட கடிதம். அன்றுதான் தேதி. சித்தி அந்தக் கடிதத்தை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். இதை எனக்கு அவர் சொன்னது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. "நீயே சிரிக்கிறப்போ மத்தவங்க என்ன சொல்லுவாங்கன்னு நெனைச்சேன் பாப்பா."

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். குரல் ஏற்ற இறக்கம், நேர்காணல், செய்தி எழுதுவது என்று எல்லாம் படித்தேன். ஒலிவாங்கிக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்பதை மட்டும் படிக்கவில்லை போலிருக்கிறது. இந்தக் கட்டுரையில் பாதி அந்தக் கடிதத்துக்கான பதில். மீதி, மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு இப்போது இருக்கும் ஒரு சிகிச்சையைப் பற்றியது. காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சை அது. சித்திக்கு அதைச் செய்து பார்த்தோம்.

முதலில் சித்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அங்கிருந்து கோலகங்சார் அதிக தூரமில்லை. 1877இல் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். பாட்டி இருட்டோடு பிரட்டுக்குப் போய், உளியோடு மரத்துக்கு மரம் நடந்து, வெயில் ஏறியதும் பால் வாளியைச் சுமந்து வந்தவர். லயத்து வீட்டில் ஐந்து பிள்ளைகள். என் அம்மா மூத்தவர், சித்தி கடைசி. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறியது. எல்லாரும் மூட்டை கட்டினார்கள். சித்தி திருமணமாகிப் புந்தோங்குக்கு வந்து, ஒரு தமிழ்ப்பள்ளி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நாசி லெமாக்குக்குச் சம்பல் கிண்டுவார். இருபது வருடம் ஒரு நாள் தவறியதில்லை.

நாற்பத்தேழாவது வயதில் அந்த நான்கு மணி நின்றுபோனது.

என்ன நடந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். எதுவும் நடக்கவில்லை. சித்தப்பா நல்ல மனிதர், லாரி ஓட்டுகிறார். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. அதனால்தான் கேள்வி இன்னும் கொடுமையானது. "உனக்கு என்ன குறை?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் அவர் மேலும் மேலும் உள்ளே போனார். தலை எரிகிறது என்றார். கால் கனக்கிறது என்றார். மருத்துவர்கள் சொல்கிறார்கள், நம்மில் பலர் மனச்சோர்வை மனத்தின் சொற்களில் சொல்வதில்லை, உடம்பின் சொற்களில்தான் சொல்கிறோம். தலைவலி, எரிச்சல், அசதி, பசியின்மை என்று. இரத்தச் சோதனை எடுப்பார்கள், ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்று சொன்னதும் வீட்டில் இருப்பவர்கள், "அப்போ சும்மாதான் படுத்திருக்கா" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இங்கே ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நாங்கள் வானொலியில் எதற்கெடுத்தாலும் "மன அழுத்தம்" என்கிறோம். சாலை நெரிசலும் மன அழுத்தம், பரீட்சையும் மன அழுத்தம். அது வேறு. காரணம் விலகினால் அழுத்தம் குறையும். மனச்சோர்வு என்பது இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், நாள் முழுதும் நீடிக்கும் நோய். தூக்கம், பசி, கவனம், ஆசை எல்லாவற்றையும் அது தின்னும். உயிர் வாழ்வதே வீண் என்ற எண்ணத்தையும் கொண்டுவரும். 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023இல் அது 4.6 விழுக்காடாகிவிட்டது. அதாவது பத்து இலட்சம் பேருக்குச் சற்றுக் குறைவு. கல்லுமலைக் கோயில் தைப்பூசக் கூட்டத்தில் நிற்கும்போது முன்னும் பின்னும் நூறு பேரை எண்ணிப் பாருங்கள். நாலைந்து பேர்.

தோட்டத்தில் டிரெசர் இருந்தார். காய்ச்சலுக்கு மிக்சர், வெட்டுக்காயத்துக்கு மருந்து எல்லாம் அவரிடம் கிடைக்கும். இதற்கு மட்டும் அவரிடம் பாட்டில் இல்லை. முனீஸ்வரன் கோயிலும் வேப்பிலையும்தான். சித்தியையும் அப்படி ஒரு கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. அந்தப் பூசாரி விபூதி போட்டுவிட்டு என் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, இது நம்ம கையில இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எங்கள் குடும்பத்தில் முதலில் சரியாகச் சொன்னவர் அவர்தான்.

ஆஸ்பத்திரி என்றால் எது? பேராக்கில் மனநலம் என்ற பேச்சு வந்தாலே நினைவுக்கு வருவது ஒரே ஊர்தான். தஞ்சோங் ரம்புத்தானில் அந்த மருத்துவமனை 1911இல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் மனநோய்க்கு உருப்படியான மருந்து உலகில் எங்குமே கிடையாது. அவை வந்தது 1950களில்தான். அதுவரை நோயாளியை வைத்துப் பராமரிப்பதைத் தவிரப் பெரிதாக வழியில்லை. போனவர் பல ஆண்டுகள் திரும்பவில்லை. அந்த அச்சம்தான் ஒரு ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கி, மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லாருடைய வாயிலும் நூறு வருடமாகத் தங்கியிருக்கிறது. மருத்துவமனையின் பெயரை ஹாஸ்பிட்டல் பஹாகியா என்று பின்னாளில் மாற்றினார்கள். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியது, நம் வாய் மாறவில்லை. இன்று மனச்சோர்வுக்காக மருத்துவரைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் மாத்திரைச் சீட்டோடு அன்றே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. அந்த ஐந்து வெள்ளிக்கும் என் சித்திக்கும் நடுவில் நின்றது என்னுடைய ஜோக்.

கடிதம் அரிசி டின்னுக்கு அடியிலிருந்து வெளியே வந்த பிறகு சித்தி மருந்து எடுக்கத் தொடங்கினார். மனச்சோர்வு மாத்திரை இன்று போட்டால் நாளை கேட்காது. நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பலர் இரண்டாம் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். சித்தி நிறுத்தவில்லை. ஆறு வாரம் பார்த்தார், அளவைக் கூட்டிப் பார்த்தார். தூக்கம் கொஞ்சம் வந்தது, வேறொன்றும் மாறவில்லை. மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றினார். மறுபடி அதே காத்திருப்பு, அதே ஏமாற்றம். ஒரு நாள் மாத்திரை டப்பாவை என் அம்மாவிடம் நீட்டி, "அக்கா, மருந்துகூட என்னைக் கைவிட்டிருச்சு" என்றார்.

இரண்டு மருந்துகளைப் போதுமான அளவில், போதுமான காலம் எடுத்தும் குணமாகவில்லை என்றால், அதைச் சிகிச்சைக்கு எளிதில் கட்டுப்படாத மனச்சோர்வு என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். அப்படி ஒரு வகை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சித்தி அந்தச் சொற்களைச் சொல்லியிருக்க மாட்டார். இது அவருடைய தோல்வி அல்ல. அமெரிக்காவில் ஏறக்குறைய நாலாயிரம் நோயாளிகளை வைத்து நடத்தி 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே நன்கு குணமானவர்கள் மூவரில் ஒருவர்தான். இரண்டாவது மருந்திலும் ஏறக்குறைய அதே அளவு. மூன்றாவது, நான்காவது என்று போகும்போது ஏழெட்டுப் பேரில் ஒருவர் என்று இறங்கிவிட்டது. அதாவது, இரண்டு மருந்து கேட்கவில்லை என்றால் மூன்றாவது மாத்திரை ஒன்றையே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வேறு வழியைப் பற்றிப் பேச அதுதான் நேரம்.

மருத்துவர் பேசினார். "காந்தத்தால் மூளையைத் தூண்டுகிற சிகிச்சை ஒன்று இருக்கிறது" என்றார். என் அம்மா எழுந்து நின்றுவிட்டார். "கரண்டா? என் தங்கச்சிக்குக் கரண்டு வைக்க நான் விடமாட்டேன்."

சினிமா செய்த வேலை இது. மின்னதிர்ச்சிச் சிகிச்சையை 1938இல் ரோம் நகரில் தொடங்கினார்கள். தொடக்க காலத்தில் மயக்க மருந்தில்லாமல் கொடுத்ததுதான் படங்களில் வந்து நம் மனத்தில் பதிந்துவிட்டது. இப்போது மயக்கம் கொடுத்து, தசைகளைத் தளர்த்தி, கண்காணிப்போடு கொடுக்கிறார்கள். சாப்பிடாமல், பேசாமல் கிடக்கும் கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் அதைவிட வலுவான சிகிச்சை இல்லை. அதனால் அதையும் பேய்போல் பார்க்க வேண்டாம். ஆனால் மருத்துவர் சொன்னது அது அல்ல. காந்தச் சிகிச்சையில் மயக்கம் இல்லை, வலிப்பை வரவழைப்பதில்லை, மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டபோதுதான் எனக்கு ஒரு வேடிக்கை புரிந்தது. என் பிழைப்பே அந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. மேடையில் கையில் பிடித்துப் பேசும் சாதாரண மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு காந்தமும் ஒரு மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. நான் பேசினால் சுருள் அதிர்கிறது. காந்தத்துக்குப் பக்கத்தில் கம்பி அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டது அது. காந்தப்புலம் மாறினால், பக்கத்தில் இருக்கும் மின்கடத்தியில் மின்னோட்டம் உண்டாகும்.

மூளையும் ஒரு மின்கடத்திதான். அதன் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதே மின்துடிப்பால்தான். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கர் என்பவரும் அவர் குழுவினரும் ஒரு செப்புக் கம்பிச் சுருளைத் தலைக்கு மேல் வைத்து, அதில் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீடிக்கும் பெரிய மின்துடிப்பைச் செலுத்தினார்கள். சுருளிலிருந்து கிளம்பிய காந்தப்புலம் தோல், எலும்பு எதையும் பொருட்படுத்தாமல் உள்ளே போனது. கையை அசைக்கும் மூளைப் பகுதியில் சிறு மின்னோட்டம் பிறந்தது. அந்த மனிதரின் விரல்கள் தாமாகத் துடித்தன. தலையில் கத்தி படவில்லை, ஊசியும் படவில்லை. மண்டையோடு மின்சாரத்தைத் தடுக்கும், காந்தப்புலத்தைத் தடுக்காது. மொத்த இரகசியமும் இதில்தான் இருக்கிறது.

அடுத்த பத்தாண்டுகளில் மனச்சோர்வு பக்கம் இந்த யோசனை திரும்பியது. மனச்சோர்வு உள்ளவர்களின் இடது நெற்றிக்குப் பின்னால், முன்மூளையின் ஒரு பகுதி மந்தமாக இயங்குவதை மூளைப்படங்கள் காட்டின. திட்டமிடுவது, எண்ணங்களைக் கட்டுப்படுத்துவது போன்ற வேலைகளைச் செய்யும் பகுதி அது. உணர்ச்சிகளைக் கையாளும் ஆழமான பகுதிகளோடு அதற்குத் தொடர்பு உண்டு. அந்த இடத்தை நாள்தோறும் காந்தத்தால் தட்டினால், மந்தமான இணைப்பு மெல்ல மெல்லப் பழைய சுறுசுறுப்புக்குத் திரும்புகிறது. திரும்பத் திரும்ப நடந்தால் காட்டில் ஒற்றையடிப் பாதை உண்டாவதைப்போல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இல் இதற்கு அனுமதி கொடுத்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் பல வருடமாகச் செய்கிறார்கள். நம் நாட்டில் தலைநகரிலும் அதைச் சுற்றியும் சில மருத்துவமனைகளில் இந்தக் கருவி இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. காந்தம் என்று நான் சொன்னதும் பக்கத்து வீட்டு அத்தை ஒரு காந்தக் கைவளையத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். காந்தத் தலையணை, காந்தப் படுக்கை, காந்தம் போட்ட தண்ணீர்ப் புட்டி என்று பாசார் மாலாமிலும் நேரடி விற்பனைக் கூட்டங்களிலும் நம்மவர்கள் எவ்வளவு பணத்தைக் கொட்டியிருக்கிறோம்! ஃபாரடே சொன்னதை மறுபடி படியுங்கள். காந்தப்புலம் மாற வேண்டும். கையில் கட்டிய காந்தம் சும்மா கிடக்கிறது, அதனால் ஒரு நரம்பணுவும் எழுந்து உட்காராது. சிகிச்சைக் கருவியின் புலம் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் புலத்துக்கு ஈடான வலிமையில் எழுந்து, நொடியின் சிறு துணுக்கில் மறைகிறது. இரண்டுக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை இல்லை.

சித்தியின் விஷயத்தில் சிகிச்சையைவிடச் சிக்கலாக இருந்தது நாள்காட்டி. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். மொத்தம் முப்பது தடவை. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு இ.டி.எஸ். ரயிலில் இரண்டரை மணி நேரம். தினமும் போய் வர முடியுமா? காலையில் எழவே முடியாத ஒருவரை முப்பது காலை எழுப்பிக் கூட்டிப் போவது யார்? சித்தப்பா லாரியை விட்டால் சம்பளம் இல்லை. தம்பி சிங்கப்பூரில். எனக்குக் காலை நிகழ்ச்சி. கடைசியில் ஓய்வு பெற்ற என் அம்மா இரண்டு பைகளோடு கிளம்பினார். செந்தூலில் ஒரு மாமா வீட்டில் பின்னறை கொடுத்தார்கள். பணத்துக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. தனியாரிடம் செலவு அதிகம், அதை மறைத்துப் பயனில்லை. காப்புறுதி இருப்பவர்கள் முதலில் தங்கள் பாலிசி மனநோய்க்குக் கொடுக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது. எங்களுடையது கொடுக்கவில்லை.

முதல் நாள் நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். தாதி ஒரு பட்டியலைப் படித்தார். தலைக்குள் உலோகக் கிளிப் இருக்கிறதா, காதுக்குள் பொருத்திய கருவி இருக்கிறதா, இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை. பிறகு, "தோடு, மூக்குத்தி, ஹேர்பின் எல்லாம் கழற்றுங்க" என்றார். சித்தியின் கை கழுத்துக்குப் போனது. "தாலி?" அவர் குரலில் நடுக்கம். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அந்தக் காந்தத்தைவிட இந்தக் கேள்விதான் அவரை இரவெல்லாம் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. தாதி நம்ம பிள்ளைதான். சிரித்துக்கொண்டே, "தாலி இருக்கட்டும் ஆன்ட்டி, அது தூரமாத்தான் இருக்கு. தலைகிட்ட இருக்கிறதை மட்டும் எடுங்க" என்றார். காந்தப்புலம் சுருளிலிருந்து தள்ளிப்போகப் போகச் சட்டென்று குறைந்துவிடும். (உங்கள் மருத்துவமனையில் என்ன சொல்கிறார்களோ அதைக் கேளுங்கள்.) மூக்குத்தியை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார். பதினாறு வயதில் குத்திய மூக்குத்தி. அடுத்த முப்பது தடவையும் அந்த முடிச்சு அங்கேதான்.

பிறகு அளவு பார்த்தார்கள். எட்டு என்ற எண்ணைப் போன்ற சுருளைத் தலையில் கையை இயக்கும் பகுதிக்கு மேல் வைத்து, ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்தார்கள். வலது கைக் கட்டைவிரல் துள்ளியது. "ஐயோ, நான் ஆட்டல!" என்று சித்தி கத்தினார். யாருக்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்பதை அந்தக் கட்டைவிரல்தான் சொல்கிறது. எல்லாருடைய மண்டையும் ஒரே தடிமன் இல்லை பாருங்கள். அதன்பின் சுருளைச் சில விரற்கடை முன்னால் நகர்த்தி, இடது நெற்றிக்கு மேல் பொருத்தினார்கள். காதில் பஞ்சு மாதிரி ஓர் அடைப்பு. டக்டக்டக்டக் என்று நான்கு நொடி, நொடிக்குப் பத்துத் துடிப்பு. பிறகு இருபத்தாறு நொடி அமைதி. மறுபடி டக்டக்டக்டக். முப்பத்தேழு நிமிடத்தில் மூவாயிரம் துடிப்புகள். ரப்பர் காட்டில் மரங்கொத்தி கொத்துகிற மாதிரி இருக்கிறது என்றார் சித்தி. வலியா என்று கேட்டேன். "சுண்டி விடுற மாதிரி இருக்கு. பல்லு லேசாக் கூசுது." முதல் வாரம் தலைவலி இருந்தது, பனடோல் போட்டதும் அடங்கியது. இந்தச் சிகிச்சையில் கவலைக்குரிய பக்கவிளைவு வலிப்பு. ஆனால் அது ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது.

இப்போது மூன்று நிமிடத்தில் முடியும் முறையும் உண்டு. கனடாவில் 414 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2018இல் முடிவை வெளியிட்டார்கள். முப்பத்தேழு நிமிடம் கொடுத்த பலனை மூன்று நிமிடமும் கொடுத்தது. இரண்டிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோயின் கடுமை பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தது. மூன்று அல்லது நான்கு பேரில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட முழுக் குணம். இதைப் படித்துவிட்டு நான் துள்ளிக் குதித்தேன். பிறகு இன்னொன்றையும் படித்தேன். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு உண்மைக் காந்தமும் மீதிப் பேருக்குச் சத்தம் மட்டும் வரும் போலிக் காந்தமும் வைத்தார்கள். உண்மையில் 14 விழுக்காட்டினர் முழுமையாகத் தேறினார்கள், போலியில் 5 விழுக்காட்டினர். வித்தியாசம் உண்மையானது, ஆனால் அற்புதம் என்று சொல்லும் அளவு இல்லை. இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "தொண்ணூறு விழுக்காடு குணம்" என்று யாராவது முகநூலில் விளம்பரம் போட்டால் அடுத்ததுக்குத் தள்ளிவிடுங்கள்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரமும் ஒன்றுமில்லை. அம்மா போனில் அழுதார். வளையல் போச்சு, தங்கச்சியும் அப்படியே இருக்கிறாள் என்றார். மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், பலருக்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் மாற்றம் தெரியும் என்று. பதினேழாவது தடவை முடிந்த அன்று சாயங்காலம் மாமா வீட்டில் சாப்பிடும்போது சித்தி தட்டைப் பார்த்துச் சொன்னாராம், "யாரு சம்பல் செஞ்சது? பெலாச்சான் வறுக்கவே இல்ல." அத்தைக்குக் கோபம். அம்மா அடுக்களைக்குள் ஓடிப்போய் எனக்குப் போன் செய்தார். ஒன்றரை வருடமாகச் சித்தி எதைப் போட்டாலும் சாப்பிட்டார், எதையும் சுவைத்ததில்லை. இப்போது குறை சொல்கிறார்!

அதன்பின் ஒரே ஏறுமுகம் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. நல்ல நாளும் மோசமான நாளுமாக மாறி மாறி வந்தது. முப்பது முடிந்து ஊர் திரும்பியபோது முக்கால்வாசி தேறியிருந்தார். மாத்திரை தொடர்ந்தது, இப்போதும் தொடர்கிறது. பேச்சு வழி ஆலோசனைக்கும் போனார். கேன்டீனில் முதலில் அரை நாள், பிறகு முழு நாள். ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்து ஒரு மழைக்காலத்தில் மறுபடி சரியத் தொடங்கினார். இந்த நோய் திரும்பி வரக்கூடியது, காந்தம் அதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் இந்தத் தடவை கடிதம் அரிசி டின்னுக்கு அடியில் போகவில்லை. அவரே சொன்னார், "பாப்பா, காலையில எழ முடியல. டாக்டரைப் பார்க்கணும்." மருந்தை மாற்றினார்கள், கொஞ்ச நாள் மறுபடி காந்தம். ஒரு மாதத்தில் மீண்டார்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், நேரே காந்தத்தைத் தேடி ஓட வேண்டாம். முதலில் அருகிலுள்ள அரசாங்க கிளினிக். மருந்தை முழுக் காலம் எடுத்துப் பாருங்கள். முதல் மருந்திலேயே தேறுகிறவர்கள் ஏராளம். இரண்டும் கேட்கவில்லை என்றால், "டாக்டர், அடுத்து என்ன? காந்தச் சிகிச்சை இவருக்குப் பொருந்துமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரயில் டிக்கெட் போடுவதற்கு முன், முப்பது நாள் யார் கூடப் போவது என்று குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் அனுபவத்தில் இயந்திரத்தைவிட அந்த ஆள்தான் கிடைப்பது கஷ்டம். பேராக்கிலேயே இந்தச் சிகிச்சை அரசாங்கக் கட்டணத்தில் எளிதாகக் கிடைத்தால், என் அம்மாவைப் போன்றவர்கள் வளையலை அடகு வைக்க வேண்டியிருக்காது. நாட்டின் மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று நம் மாநிலத்தில்தானே இருக்கிறது? இதை யாராவது சட்டமன்றத்தில் கேட்டால் நன்றாக இருக்கும்.

உயிரை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், விளையாட்டாகச் சொன்னாலும், காத்திருக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்த்த சட்டப் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. உதவி கேட்பதற்குப் போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-7627 2929, ஈப்போவிலும் அவர்களுக்கு ஒரு நிலையம் இருக்கிறது.

நான் அந்த ஜோக்கை இப்போது அடிப்பதில்லை. நிலையத்தில் வேறு யாராவது அடித்தால் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். புதுப் பிள்ளைகள் முறைக்கிறார்கள், பரவாயில்லை.

இதை எழுதி முடித்ததும் சித்திக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். "என் பேரைப் போடாதே. பள்ளிக்கூடத்து பேரும் வேணாம்" என்றார். சரி என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம். "அந்தத் தஞ்சோங் ரம்புத்தான் கதையை எடுத்திடவா சித்தி?" என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும்" என்றார். "அத எடுக்காதே."